ஸ்டாண்டர்ட் சைஸ் என்பது யாருடைய சைஸ்?

கட்டட வேலை நடக்கிற இடத்தில் எந்த வாக்குவாதத்தையும் ஒரே வரியில் முடித்துவைக்கிற பதில் ஒன்று உண்டு: “ஸ்டாண்டர்ட் சைஸ்தான் போட்டிருக்கோம்.” கதவின் அகலம், சமையல் மேடையின் உயரம், படியின் உயரம், குளியலறைக் கைப்பிடி என்று எதைக் கேட்டாலும் இதுதான் வரும். கேட்டவர் அதற்குமேல் வாய் திறக்க முடியாது. பதில் பொய்யாக இருந்தால் சண்டை போடலாம். பெரும்பாலும் அது பொய்யில்லை. அந்த எண் ஏதோ ஒரு விதிநூலில் அச்சாகித்தான் இருக்கிறது. ஆனால் குடிபுகுந்து ஆறு மாதம் கழித்து அதே குளியலறைக்குள் எட்டிப் பாருங்கள். விதிப்படி மாட்டிய கைப்பிடிக் கம்பி புத்தம் புதிதாகப் பளபளக்கும். சற்றுத் தள்ளியிருக்கும் டவல் கம்பி ஒரு முனையில் ஆட்டம் கண்டு, திருகாணி பாதி வெளியே வந்து, சுற்றியுள்ள டைல்ஸில் கீறல் விட்டிருக்கும். வீட்டுப் பெரியவர் எதைப் பிடித்து எழுகிறார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

“எவ்வளவு சொன்னாலும் பழகின கை அங்கேதான் போகும்” என்று பழியைப் பெரியவர் தலையில் கட்டிவிடுவது சுலபம். விதியில் ஓட்டை என்று திட்டுவது அதைவிடச் சுலபம். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. விதியை எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. பெரியவரின் கையும் ஏமாறுகிற கை அல்ல. விழாமல் இருப்பதற்கு எது உதவுமோ அதைத்தான் அது தேடிப் பிடிக்கும். இரண்டு பேரும் சரியாக இருந்தும் காரியம் தப்பாகப் போகிறதென்றால், அந்த எண்ணை எந்த அசைவுக்காக எடுத்தார்களோ அது வேறு, இங்கே நடக்கிற அசைவு வேறு என்றுதான் அர்த்தம்.

எழுந்து நிற்பதற்குள்

ஒரு நாற்காலியில் முதுகை நேராக வைத்து, பாதங்களை முன்னால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, அப்படியே எழப் பாருங்கள். முப்பது வயதுக்காரருக்கும் முடியாது. முதலில் பாதம் பின்னுக்கு வரவேண்டும், குதிகால் முழங்காலுக்குப் பின்னால் போகிற அளவுக்கு. அடுத்து உடம்பு முன்னால் சாயும். மூக்கு ஏறக்குறைய கால்விரல்களுக்கு நேர்மேலே வரும்வரை சாயும். அப்போதுதான் எடை இருக்கையிலிருந்து பாதத்துக்கு மாறி, பிட்டம் மேலே எழும்பும். அந்த ஒரு நொடிதான் கண்டம். முழங்கால் தாங்குகிற சுமை உச்சத்துக்குப் போவது அப்போதுதான். அதைத் தாண்டிவிட்டால் இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து ஆள் நின்றுவிடுவார். இருக்கை தாழத் தாழ அந்தச் சுமை கூடும். சோபாவில் அமிழ்ந்து உட்கார்ந்தவர் எழ முடியாமல் தத்தளிப்பதும், அதே ஆள் சாப்பாட்டு மேசை நாற்காலியிலிருந்து சாதாரணமாக எழுந்துவிடுவதும் இதனால்தான்.

இந்த ஒரு அசைவுக்குள் கைக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஆரம்பத்தில் இடுப்புக்குப் பக்கத்தில் எதையாவது கீழே அழுத்தி உடம்பை மேலே தள்ளவேண்டும். இருக்கையை விட்டு எழும்பியதும், தள்ளாடாமல் இருக்க முன்னால் எதையாவது பிடிக்கவேண்டும். அழுத்துவதற்கு உள்ளங்கை முழங்கைக்குக் கீழே இருந்தாகவேண்டும். மேலே இருந்தால் அழுத்த முடியாது, இழுக்கத்தான் முடியும். இழுக்கிற தெம்பு வயதானவர் கையில் குறைவு. தோள் மூட்டும் வலிக்கும்.

இப்போது விதிநூல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்க விதியில் டாய்லெட்டின் பக்கச் சுவரிலுள்ள கிடைமட்டக் கம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் வரை, அதாவது 84 முதல் 91 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். இருக்கை உயரம் 43 முதல் 48 செ.மீ. உட்கார்ந்திருப்பவரின் முழங்கை இருக்கையிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் இருக்கும். கழித்துப் பார்த்தால் கம்பி இருக்கையிலிருந்து 40 செ.மீ. போல மேலே நிற்கிறது. கிட்டத்தட்ட மார்பு உயரம். கீழே அழுத்த அது உதவாது. பிரிட்டிஷ் கட்டட விதியிலோ இருக்கை 48 செ.மீ., கிடைமட்டக் கம்பி 68 செ.மீ. வித்தியாசம் சரியாக 20. உட்கார்ந்தவரின் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, அழுத்துவதற்குத் தோதாக.

இரண்டு நாட்டு மனிதர்களுக்கும் முழங்கை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் இந்த 16 செ.மீ. வித்தியாசம்? அமெரிக்கத் தர அளவின் முதல் பதிப்பு 1961இல் வந்தது. அதற்கான ஆராய்ச்சி இல்லினாய் பல்கலைக்கழகத்தில், டிமோத்தி நியூஜென்ட் என்பவரின் தலைமையில் நடந்தது. அங்கே சக்கர நாற்காலியில் வகுப்புக்குப் போய்வந்த மாணவர்கள்தான் அளவுக்கு உட்பட்டவர்கள். 33 அங்குலம் அந்தப் பதிப்பிலேயே இருக்கிறது. சக்கர நாற்காலியை நாள் முழுக்கத் தள்ளி உரமேறிய தோள், கம்பியைப் பற்றி உடம்பை இழுத்து இருக்கைக்கு மாற்றிக்கொள்ளும். கால் வலுவிழந்து கை வலுத்த இளைஞருக்கு உயரமான கம்பி உதவும். கையும் காலும் சேர்ந்து தளர்ந்த எழுபத்தைந்து வயதுக்காரருக்கு வேண்டியது வேறு. அவர் ‘எழுகிறார்’, அந்த மாணவர் ‘மாறினார்’. ஒரே அறை, ஒரே கம்பி, இரண்டு அசைவு.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு “ஸ்டாண்டர்ட்” என்ற சொல்லை என்னால் பழையபடி கேட்க முடிவதில்லை. ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் யாரோ ஒருவருடைய உடம்பு ஒளிந்திருக்கிறது, ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிற உடம்பு. 84 செ.மீ. என்று வரைபடத்தில் எழுதும்போது அந்த ஆளும் வீட்டுக்குள் வந்துவிடுகிறார். வீட்டில் இருக்கிறவரும் அவரும் ஒன்றா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

டவல் கம்பி மர்மத்தையும் இதோடு முடித்துவிடலாம். அது இருக்கையை ஒட்டி இருக்காது. பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். முன்னால் சாய்ந்து எழும்பும் உடம்பு வந்து சேர்கிற இடம் அதுதான். அமெரிக்கத் தரநூலின் பிற்காலப் பதிப்புகள் இதே இடத்தில், பின்சுவரிலிருந்து 39 முதல் 41 அங்குலத்துக்குள், ஒரு செங்குத்துக் கம்பியையும் சேர்த்துவிட்டன. பெரியவரின் கை விதியை முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

சரிவில் யார் ஏறுகிறார்

சாய்தளத்தின் கதையும் இதே வம்சம்தான். 1:12 என்ற சரிவு, அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. இதுவும் அந்த 1961 பதிப்பில் இருந்த எண்தான். அமெரிக்க விதி இந்தச் சரிவில் ஒரே ஓட்டத்தில் 76 செ.மீ. உயரம் வரை ஏற விடுகிறது. ஒன்பது மீட்டருக்கும் மேலான நீளம். பிரிட்டிஷ் விதி 1:12ஐ இரண்டு மீட்டர் நீளத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஐந்து மீட்டர் ஓட்டம் வேண்டுமா, 1:15க்குத் தணித்துக்கொள். பத்து மீட்டரா, 1:20. சரிவை மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு நேரம் அந்தச் சரிவில் உழைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துப் பார் என்கிறது அது. தானே சக்கரத்தைத் தள்ளி ஏறுபவருக்கு மூச்சு வாங்குவது நடுவழியில். அங்கே நின்று இளைப்பாற முடியாது, கையை எடுத்தால் நாற்காலி பின்னால் உருளும்.

தரையிலிருந்து 45 செ.மீ. உயர்ந்த வாசல், மூன்று படி என்று வைத்துக்கொள்வோம். 1:12இல் 5.4 மீட்டர். 1:20இல் 9 மீட்டர். 1:15க்குக் கொஞ்சம் தணிவாக இரண்டு துண்டாகப் பிரித்து நடுவில் 1.5 மீட்டர் சமதளம் கொடுத்தால் எட்டேகால் மீட்டருக்குச் சற்று மேலே. நேராக இடமில்லை என்றால் அந்தச் சமதளத்தில் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் கடைசி நேரத்தில் நினைவு வந்து போடுகிற சாய்தளத்துக்கு மிஞ்சியிருப்பது ஒன்றரை மீட்டர் இடம்தான். 1:3 சரிவில் சிமென்டைப் பூசி, மேலே மஞ்சள் பெயின்ட்டும் அடித்துவிடுவார்கள். அது இருசக்கர வண்டி ஏற்றுகிற சரிவு. சக்கர நாற்காலி அதில் முன்சக்கரம் தூக்கிப் பின்னால் கவிழும். பின்னாலிருந்து தள்ளுகிறவர் மேலேயே விழும். இதைவிட ஒன்றும் போடாமல் இருப்பது நல்லது. ஒன்றும் இல்லாத இடத்தில் நான்கு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வார்கள். சரிவு இருந்தால் நம்பி ஏறுவார்கள்.

சரிவு சரியாக அமைந்த இடத்திலும் தலைப்பகுதியில் கோட்டை விடுவது வழக்கம். மேலே ஏறியதும் கதவு. கதவு வெளிப்பக்கம் திறக்கும். சமதளம் இல்லாவிட்டால், ஒரு கையால் கதவை இழுத்துக்கொண்டே மறு கையால் சரிவில் நாற்காலியைப் பிடித்து நிறுத்தவேண்டும். மூன்றாவது கை எங்கே போவது? மேலே 1.5 மீட்டர் சமதளம், கதவின் கைப்பிடிப் பக்கம் 45 செ.மீ. வெற்றுச் சுவர், இந்த இரண்டும் இருந்தால்தான் நாற்காலியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கதவைத் தன் பக்கம் இழுக்க முடியும். சரிவின் ஓரங்களில் சக்கரம் நழுவாதபடி ஒரு சிறு திண்டு, மழையில் வழுக்காத சொரசொரப்பு, இரு பக்கமும் கைப்பிடி. இதெல்லாம் சொன்னால் செய்துவிடுவார்கள். அந்த 45 செ.மீ. சுவரைத்தான் விட்டுவிடுவார்கள், ஏனென்றால் வரைபடத்தில் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்.

கதவு அகலத்திலும் ஒரு கண்ணாமூச்சி உண்டு. “மூணடிக் கதவு” என்று கேட்டதும் மனம் நிம்மதியாகிவிடும். மூன்றடி, அதாவது 90 செ.மீ., பல நேரம் சட்டத்தின் வெளி அளவு. சட்டக் கட்டை இரண்டு பக்கமும் ஆறாறு செ.மீ., 90 பாகையில் திறந்து நிற்கிற கதவின் தடிமன் மூன்றரை. மிஞ்சுவது 74.5. சக்கர நாற்காலிக்குக் குறைந்தபட்சம் என்று அமெரிக்க விதி சொல்வது 81.5. கதவைத் திறந்துவைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர்ச்சட்டம் வரை டேப் பிடித்தால்தான் உண்மை தெரியும். கழிவறைக் கதவு உள்பக்கம் திறக்கக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும். வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது நகர்த்துக் கதவாக இருக்கட்டும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் நீக்கக்கூடியதாக இருக்கட்டும்.

துப்பறியும் கதைப் போலீஸ்காரரும் சமையல் மேடையும்

உடம்பு ஒளிந்திருக்கிறது என்று சொன்னேன். சில நேரம் அது நிஜ உடம்புகூட இல்லை. மனித உடலை வைத்து எல்லாக் கட்டடங்களுக்கும் பொதுவான அளவுத்திட்டம் வகுக்கப் புறப்பட்ட கட்டடக்கலைஞர் லெ கார்பூசியே, முதலில் 1.75 மீட்டர் உயர ஆணை எடுத்துக்கொண்டார். பிறகு அது 1.83 ஆயிற்று. காரணம், ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வருகிற வாட்டசாட்டமான போலீஸ்காரர்கள் ஆறடி இருப்பார்கள் என்று உடன் வேலை பார்த்த ஒருவர் சொன்னது. ஆறடி வைத்துக்கொண்டால் அங்குலக் கணக்கும் முழு எண்ணாக வந்து விழுந்தது. சமைக்கிறவர், குழந்தை, கிழவி யாரும் அந்தக் கணக்கில் இல்லை.

சமையலறையைப் பற்றி யோசித்தவர்களில் ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி இதற்கு நேர் எதிர். 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக அவர் வரைந்த சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். எந்த வேலைக்கு எத்தனை எட்டு நடக்கவேண்டும் என்று எண்ணி, உட்கார்ந்து வேலை செய்யச் சுழல் முக்காலி, பெயரெழுதிய அலுமினிய டப்பாக்கள், மேடையிலேயே கழிவு தள்ளும் இழுப்பறை என்று அசைவை அசைவாகப் பிரித்து அமைத்தார். ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது வந்தது. அதற்கு முன் தனக்குச் சமைத்தே பழக்கமில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கவனித்தால் போதும், செய்து பழகியிருக்கவேண்டியதில்லை என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்தக் கவனிப்பிலும் ஒரு முன்முடிவு இருந்தது: சமைப்பவர் ஒருவரே. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் வெளியே போகவேண்டிய அகலம்.

மேடை உயரத்தை எப்படி எடுப்பது என்பதை மட்டும் எண்ணோடு சொல்கிறேன். வழக்கமாகச் செருப்புப் போட்டுச் சமைக்கிறவர் என்றால் செருப்போடு, இல்லாவிட்டால் வெறுங்காலோடு நிற்கச் சொல்லி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளக்கவேண்டும். நறுக்குகிற இடம் அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே. பிசைகிற இடம் இன்னும் கீழே, ஏனென்றால் அங்கே உடம்பின் எடையை இறக்கவேண்டும். அடுப்பு நறுக்கும் மேடையைவிடத் தாழ இருக்கலாம். பாத்திரத்தின் உயரம் மேலே ஏறிக்கொள்ளும், விளிம்புக்கு மேலே கையைத் தூக்கிக் கிண்டினால் தோள் போய்விடும். தொட்டி மட்டும் உயர வேண்டும். தொட்டியில் கை வேலை செய்வது விளிம்பில் இல்லை, 15 முதல் 20 செ.மீ. கீழே, அடியில். பாத்திரம் தேய்ப்பவருக்கு இடுப்பு வலிப்பது மேடை தாழ்வு என்பதால் அல்ல, தொட்டியின் அடி தாழ்வு என்பதால். ஆக ஒரே மட்டத்தில் ஓடுகிற ஒற்றைக் கல் பார்க்க அழகு. அதில் நடக்கிற நான்கு வேலைகளில் மூன்றுக்குத் தப்பான உயரம். 152 செ.மீ. உயரமுள்ளவரின் முழங்கை 96 செ.மீ. அருகில் இருக்கும், 178 செ.மீ. உயரக்காரருக்கு 112 அருகில். இருவரும் மாறிமாறிச் சமைக்கிற வீட்டில் நடுவாக ஒரு எண்ணைப் போட்டால் இரண்டு பேருக்கும் வலி. குள்ளமானவர் அளவுக்கு மேடையைக் கட்டிவிட்டு, உயரமானவருக்கு எட்டுப் பத்து செ.மீ. தடிமனில் கால் வைத்த வெட்டுப்பலகை ஒன்று செய்துகொடுப்பது மேல். உயர்த்துவது எளிது, கல்லைத் தாழ்த்த முடியாது.

நடு எண் ஏன் யாருக்கும் பொருந்தாது என்பதை அமெரிக்க விமானப்படை விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது. 1950இல் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற அதிகாரி 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்து, விமானி அறைக்கு முக்கியமான பத்து அளவுகளில் சராசரிக்கு அருகில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார். பத்திலும் சராசரியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. நகர்த்தக்கூடிய இருக்கை, இழுத்து விடக்கூடிய பட்டை எல்லாம் அதன் பிறகு வேகமெடுத்தவை.

இரவு இரண்டரை மணி

வரைபடம் எப்போதும் பகல் வெளிச்சத்தில் இருக்கிறது. வீட்டில் விழுகிறவர்கள் பலர் இரவில், பாதித் தூக்கத்தில், படுக்கைக்கும் கழிவறைக்கும் நடுவில் விழுகிறார்கள். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேர்கிற வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். பாவை சுருங்குகிறது, வில்லை மஞ்சளடைகிறது. இருட்டுக்குப் பழகவும் கூடுதல் நேரம் எடுக்கிறது. ‘வெளிச்சம் போதவில்லை’ என்று கூரையில் இன்னொரு ட்யூப்லைட்டை மாட்டினால், இருட்டிலிருந்து வந்த கண் கூசி, சில நொடிகள் ஒன்றுமே தெரியாது. அந்தச் சில நொடியில்தான் கால் எடுத்து வைக்கிறார். வேண்டியது தாழ்ந்த வெளிச்சம்: தரையிலிருந்து ஓரடி உயரத்தில், பல்பு கண்ணுக்குத் தெரியாமல், மஞ்சள் நிறத்தில், கட்டிலடியிலிருந்து கழிவறை வாசல் வரை விட்டுவிட்டு. கால் தரையில் பட்டதும் எரிகிற சென்சார் கட்டிலுக்கு அடியில் இருக்கலாம். சென்சார் வாசலில் இருந்தால் பயனில்லை, அதற்குள் பாதி தூரம் இருட்டில் நடந்தாயிற்று.

வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கோப்பை, வெள்ளை இருக்கை. படத்தில் சுத்தமாகத் தெரியும். பார்வை மங்கியவருக்கு இருக்கையின் விளிம்பு எங்கே என்று தெரியாது, காற்றில் உட்காருவார். இருக்கையை மட்டும் அடர்நிறத்துக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மறதிநோய் உள்ளவர் இருக்கிற வீட்டில் வாசலில் கறுப்பு மிதியடி போடாதீர்கள். சிலருக்கு அது குழியாகத் தெரியும், தாண்டப் பார்ப்பார்கள். பளபளக்கும் தரை ஈரமாகத் தெரியும்.

ஒருவருக்கு வழி, இன்னொருவருக்குத் தடை

தேவையைக் கேட்டு அமைத்துவிட்டால் எல்லாம் சுபம் என்று நினைப்பவர்களுக்கு நடைபாதை விளிம்பு நல்ல மருந்து. சக்கர நாற்காலிக்காக விளிம்பைச் சாலையோடு சமமாக்கினால், தள்ளுவண்டி, பெட்டி இழுப்பவர், முழங்கால் வலிக்காரர் எல்லோருக்கும் வசதி. பார்வையற்றவருக்கோ அந்த விளிம்புதான் ‘இங்கே சாலை தொடங்குகிறது’ என்று கைத்தடி சொல்கிற செய்தி. அதை எடுத்துவிட்டால் அவர் தெரியாமலே வண்டிகளுக்கு நடுவில் போய் நிற்பார். ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கி, 1967இல் ஒக்காயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள சாலைக் கடப்பில் பதித்த புடைப்புக் கற்கள் இந்தச் சிக்கலுக்கும் விடையாக அமைந்தன. குமிழ் இருந்தால் நில், நீளக் கோடு இருந்தால் நட. அந்தக் குமிழும் சிலருக்குத் தொல்லைதான். மூட்டுவாதம் வந்த பாதத்துக்கு உறுத்தும். எனவே வேண்டிய இடத்தில் மட்டும் பதிக்கவேண்டும். மஞ்சள் அழகாக இருக்கிறதென்று வளாகம் முழுக்க ஓட்டி, நடுவில் ஒரு மின்கம்பத்தில் கொண்டுபோய் முடிப்பதற்குப் பதிக்காமலே இருக்கலாம்.

டாய்லெட் இருக்கையிலும் இதே இழுபறி. 48 செ.மீ. பெரியவருக்கு நல்லது, குள்ளமானவருக்குக் கால் தொங்கும், குழந்தைக்கு ஏறவே வராது. தாழ்வான கோப்பையைப் பதித்துவிட்டு, ஐந்து முதல் பத்து செ.மீ. உயர்த்தும் மேல்இருக்கையைத் தேவைப்படுபவர் மாட்டிக்கொள்வதுதான் ஓரளவு சமாதானம். மேல்இருக்கை கோப்பையோடு திருகி இறுகுவதாக இருக்கவேண்டும். சும்மா மேலே வைக்கிற வகை பக்கவாட்டில் நழுவும்.

கேட்டால் சொல்லமாட்டார்கள், பார்த்தால் தெரியும்

“உங்களுக்கு என்ன வேண்டும்?” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு பொருளின் பெயர்தான் பதிலாக வரும்: பெரிய ஜன்னல், இன்னொரு அலமாரி. இல்லாவிட்டால் “எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை.” பொய் சொல்லவில்லை. பல ஆண்டுகளாகச் சமாளித்துச் சமாளித்து, சமாளிப்பதே கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். கேட்பதைவிட, “காலையில் எழுந்ததிலிருந்து செய்கிறதைச் செய்து காட்டுங்கள்” என்பது நல்லது. காட்டும்போது வாய் சொல்லாததைச் சுவர் சொல்லும். கதவுச் சட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்த கையளவுக் கறை, மேசை விளிம்பில் பாலிஷ் போன திட்டு, ஒரு பக்கம் மட்டும் தளர்ந்த திரைச்சீலைக் கம்பி. தரையிலிருந்து அந்தக் கறை எவ்வளவு உயரம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வீட்டை வெள்ளையடிப்பதற்கு முன்பே இதைச் செய்யவேண்டும். அடித்துவிட்டால் பத்து வருட ஆவணம் போயிற்று.

குறிக்கவேண்டிய மற்ற அளவுகள் அதிகமில்லை. தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை (இருக்கை உயரம் இதற்குச் சமமாகவோ, கால் தளர்ந்தவருக்கு ஓரிரு அங்குலம் கூடுதலாகவோ), நின்றபடி முழங்கை உயரம், உட்கார்ந்தபடி கை எட்டும் தூரம், எந்தக் கை பலமானது, எந்த நேரத்தில் உடம்பு மிக மோசமாக இருக்கும். கடைசிக் கேள்வி முக்கியம். மூட்டுவாதம் உள்ளவர் மாலை நான்கு மணிக்கு அளவு கொடுத்தால் நன்றாகவே நடப்பார். காலை ஆறு மணி ஆளுக்குத்தான் வீடு கட்டவேண்டும்.

அளவெடுத்ததும் கட்டிவிடக் கூடாது, ஒத்திகை பார்க்கவேண்டும். தரையில் சாக்பீஸாலோ ஒட்டும் டேப்பாலோ சுவர்களை வரைந்து, அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேடையும் கோப்பையும் செய்து, முக்காலிக்கு அடியில் பலகை வைத்து உயரத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். சக்கர நாற்காலி முழுவட்டம் திரும்ப 1.5 மீட்டர் வட்டம். அதை வரைந்து உள்ளே சுழன்று பார்த்தால் வாஷ்பேசின் எங்கே இடிக்கும் என்று தெரிந்துவிடும். கைப்பிடிக்கு, சுவரில் கரும்பலகை போல ஒரு அட்டையை ஒட்டி, கையில் சுண்ணாம்புப் பொடி தடவிக்கொண்டு ஐந்து முறை எழச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் தாங்கத் தயாராக நிற்க. கை பட்ட இடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். கம்பியின் நடு அங்கே. மறுபடி இரவில் ஒருமுறை, ஈரக் கையோடு ஒருமுறை, கையில் ஒரு வாளியோடு ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்கையோடு வீட்டுக்குள் நடக்கிறவர்கள் வரைபடத்தில் மட்டும்தான் உண்டு.

இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலையையும் பார்க்கவேண்டும். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லாடெட் பல்கலைக்கழகத்தில் ஹான்சல் பாமன் என்ற கட்டடக்கலைஞர் 2005 முதல் மாணவர்களோடு சேர்ந்து இப்படிப் பார்த்தார். சைகையில் பேசிக்கொண்டே நடக்கிற இருவர் ஒருவரையொருவர் பார்த்தபடி நடக்கிறார்கள். கை வீச இடம் வேண்டும், எதிரில் வருவது தெரியாது. ஆகவே அகலமான நடைகூடம், முனை மழுங்கிய திருப்பம், பேச்சை நிறுத்திக் கை வைக்கத் தேவையில்லாத தானியங்கிக் கதவு. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பேசுகிறவர்களும் இப்படித்தான்: தள்ளுகிறவர் பின்னால் இருப்பதால் முகம் தெரியாது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போகிற அகலம் இருந்தால் பேச்சு நடக்கும்.

கம்பி மாட்டுவதற்கு முன்

உடம்பு மாறிக்கொண்டே இருக்கும். இன்று எடுத்த அளவு ஐந்து வருடத்தில் பழசு. நியூயார்க்கின் சதுக்கங்களை 1970களில் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காரும் முன் ஆட்கள் அதைச் சில அங்குலம் நகர்த்துகிறார்கள், நகர்த்தி ஒரு பயனும் இல்லாவிட்டால்கூட. அந்தச் சில அங்குலத்தை விட்டுவைப்பதும் வடிவமைப்பு வேலைதான். வீட்டில் அதற்கு வழி, கம்பி எங்கே வரும் என்று இன்றே முடிவுசெய்யாமல், எங்கே வேண்டுமானாலும் வரும்படி சுவரைத் தயார் செய்வது.

செங்கல் சுவர், கான்கிரீட் சுவர் என்றால் கவலை குறைவு. உள்ளே பொந்துள்ள கல், காற்றடைத்த லேசான கல் என்றால் சாதாரண விரிவு போல்ட் பிடிக்காது. இழுத்ததும் கல்லோடு பெயர்ந்து வரும். அங்கே டாய்லெட்டைச் சுற்றி, தரையிலிருந்து 60 செ.மீ. முதல் 150 செ.மீ. வரையுள்ள பட்டையில் மட்டும் கெட்டிக் கல்லோ கான்கிரீட்டோ வைத்துக் கட்டச் சொல்லவேண்டும். பலகைச் சுவர் என்றால் பின்னால் 18 மி.மீ. பிளைவுட். கம்பி எந்தத் திசையில் இழுத்தாலும் 110 கிலோவுக்குக் குறையாமல் தாங்கவேண்டும், விட்டம் 32 முதல் 50 மி.மீ. வரை, சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் 38 மி.மீ. இடைவெளி. இடைவெளி கூடினால் நழுவுகிற கை மணிக்கட்டோடு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், முறிவது அப்படித்தான். துளை போடும் முன் டைல்ஸைத் தட்டிப் பார்க்கவேண்டும். ‘டொக்டொக்’ என்று வெற்றொலி வந்தால் பின்னால் சிமென்ட் இல்லை, போல்ட்டை இறுக்கியதும் டைல் உடையும்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்துப் பிடித்தபடி போட்டோ எடுத்துவையுங்கள், தண்ணீர்க் குழாயும் மின்குழாயும் எங்கே ஓடுகிறது என்று தெரிகிறபடி. மூன்று மாதம் கழித்துக் கதவுச் சட்டத்தில் கறை எங்கே ஏறியிருக்கிறது என்று பார்த்து, அங்கேயே கம்பியைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். பழைய ஓட்டைகளுக்கு வெள்ளை சிமென்ட் போதும்.